உரிமை போன காட்டில் மூலிகை நிற்காது

மலாக்கா மாநிலத்தின் வடமேற்கு ஓரத்தில், லிங்கி ஆறு மலாக்காவையும் நெகிரி செம்பிலானையும் பிரிக்கும் பக்கத்தில் இருக்கிறது லூபோக் சீனா. அலோர் காஜா மாவட்டத்தின் இந்தச் சிற்றூரைச் சுற்றி இன்று கண்ணில் படுவது செம்பனையும் ரப்பரும்தான். இவை நிற்கும் மண்ணில் ஒரு காலத்தில் அடர்ந்த மழைக்காடு இருந்தது. அந்தக் காட்டின் வேரையும் பட்டையையும் பிசினையும் பெயர் சொல்லி அறிந்திருந்த மக்கள் தெமுவான் பூர்வகுடியினர். மலாக்கா, நெகிரி செம்பிலான், சிலாங்கூர், பகாங் மாநிலங்களில் அவர்கள் இன்றும் வாழ்கிறார்கள். நாட்டின் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் தொங்காட் அலி காப்பிக்கும் காசிப் பாத்திமா மாத்திரைக்கும் பின்னால் இருப்பது இத்தகைய மக்களின் அறிவு. பூர்வகுடிகள் மூலிகைகளை அழியாமல் காத்து வந்தார்கள் என்று மேடையிலும் பாடநூலிலும் புகழ்கிறோம். அந்தப் புகழ்ச்சி பாதி உண்மைதான். அறிவு இருந்ததால் மட்டும் மூலிகை பிழைக்கவில்லை. இந்தக் காட்டில் யார் நுழையலாம், எதை எடுக்கலாம், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்லும் அதிகாரம் அந்த மக்களிடம் இருந்தவரைதான் அறிவு வேலை செய்தது. அதிகாரம் கைமாறிய இடங்களில் அறிவு அப்படியே இருந்தும் செடி அழிந்தது. மலாக்கா வட்டாரத்தின் வரலாறு இதற்குச் சான்று தருகிறது.

இந்தக் காட்டுப் பொருள்களோடு தமிழருக்கு உள்ள உறவு தோட்டத்துக்கு வந்த காலத்தில் தொடங்கியதல்ல. கீழைக்காற்றோடு வந்த கப்பல்கள் அகிலும் கருப்பூரமும் கொண்டுவந்ததைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை சொல்கிறது. அந்நூலுக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், அகிலின் வகைகளில் ஒன்றாகக் கிடாரவன் என்பதைக் குறிக்கிறார். அது கடாரத்திலிருந்து, அதாவது இன்றைய கெடா வட்டாரத்திலிருந்து வந்த அகில். சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பெயர்பெற்ற துறைமுகமான பாரூசில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பொறித்தது அது. மலாக்கா சுல்தானகம் எழுந்தபோது இந்த வணிகம் மலாக்கா நகரின் துறைமுகத்துக்கு வந்து குவிந்தது. 1511இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்தபோது தமிழ் வணிகர்கள் அங்கே செல்வாக்கோடு இருந்தார்கள். கோயில் தீபாராதனைக்கும் வைத்தியர் வீட்டு மருந்துப் பெட்டிக்கும் போன கற்பூரத்தையும் அகிலையும் காட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தவர்கள் தீபகற்பத்திலும் தீவுகளிலும் வாழ்ந்த பூர்வகுடிகள். வணிகனின் பெயர் கல்லில் நின்றது. எடுத்துக் கொடுத்தவனின் பெயர் எங்கும் இல்லை.

அந்த எடுப்பு எப்படி நடந்தது என்பதை ஜொகூர்க் காடுகளின் கற்பூரத் தேடலில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேய அதிகாரிகளும் ஆய்வாளர்களும் இதை எழுதி வைத்தார்கள். 1894இல் லேக், கெல்சால் இருவரும் எழுதிய கட்டுரை அவற்றில் முக்கியமானது. கற்பூரம் தரும் கபூர் மரம் ஓங்கி வளர்வது. எல்லா மரத்திலும் கற்பூரக் கட்டி இருக்காது, முதிர்ந்த சில மரங்களின் தண்டுக்குள் மட்டுமே வெண்படிகமாய் உறைந்திருக்கும். எந்த மரம் என்று கண்டுபிடிப்பதே தனித் திறமை. அந்தக் காடுகளின் பூர்வகுடிகளான ஜாகுன் மக்கள் கற்பூரம் தேடிப் போகும்போது அன்றாடப் பேச்சை நிறுத்திவிட்டு, அதற்கென்றே இருந்த தனிச் சொற்களால் மட்டும் பேசினார்கள். உணவிலும் குளிப்பதிலும் தடைகள் இருந்தன. கற்பூரத்துக்குக் காவலாக பீசான் என்ற பெண் ஆவி இருக்கிறது என்றும், சில்வண்டின் ஒலியே அவள் குரல் என்றும் நம்பினார்கள். சாப்பிடுமுன் ஒரு பங்கு உணவைக் காட்டுக்கு எறிந்தார்கள். விதியை மீறினால் எத்தனை மரம் வெட்டினாலும் கற்பூரம் கிடைக்காது என்பது அவர்களது உறுதியான எண்ணம். மலாய்க்காரரோ சீனரோ உடன் போனாலும் இந்தக் கட்டுப்பாடுகள் அவர்களுக்கும் பொருந்தின.

இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவோர் உண்டு. மரத்தைக் காக்க வேண்டும் என்று எண்ணி யாரும் இந்த விதிகளைச் செய்யவில்லை, ஆவிக்கு அஞ்சிச் செய்ததைச் சூழல் பாதுகாப்பு என்று இன்று நாம் பெயர் சூட்டக் கூடாது என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. கற்பூரம் எடுக்க மரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும், ஆகவே அந்த மக்கள் ஒரு மரத்தையும் தொடாத துறவிகள் அல்லர். ஆனால் ஒரு வழக்கத்தை எடைபோட அது எந்த எண்ணத்தில் பிறந்தது என்பதை மட்டும் பார்த்தால் போதாது, அது என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். நாள்கணக்கில் உணவு குறைத்து, பேச்சை மாற்றி, ஒருவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் போக வேண்டும் என்றால், நினைத்தவன் நினைத்த நேரத்தில் கோடாரியோடு நுழைய முடியாது. போகும் கூட்டம் சிறிதாகிறது, போகும் முறை குறைகிறது, எந்த மரம் என்று தெரிந்தவர் சொன்னால்தான் வெட்டு விழுகிறது. நம் மரபிலும் இது உண்டு. சித்த வைத்தியர்கள் செடியைப் பறிக்குமுன் நாள் பார்த்து, மஞ்சள் கயிற்றால் காப்புக் கட்டி, சாபநிவர்த்தி செய்து, பிறகுதான் கை வைத்தார்கள். ஐயனார் கோயில் காட்டில் சுள்ளி ஒடிக்கவும் அஞ்சினார்கள். அந்த அச்சத்தின் நிழலில்தான் தமிழ்நாட்டில் பல ஊர்களின் கடைசிக் காட்டுத் துண்டு இன்றும் நிற்கிறது.

ஆனால் சடங்கு தனியே நின்று காக்கவில்லை. அதற்குப் பின்னால் ஓர் ஆட்சி ஒழுங்கு இருந்தது. தெமுவான் சமூகத்துக்குப் பாத்தின் என்ற தலைவர் உண்டு, அவருக்குக் கீழே ஜெனாங், ஜுக்ரா போன்ற பொறுப்பாளர்கள் உண்டு. எந்த ஆற்றுச் சரிவு எந்தக் கூட்டத்தாருடையது, எந்த டுரியான் மரம் எந்தக் குடும்பத்துக்கு வழிவழியாய் வருவது என்பதெல்லாம் அவர்களுக்குள் தீர்ந்த விஷயங்கள். இந்த உரிமையை அயலாரும் ஒரு காலத்தில் ஏற்றிருந்தார்கள் என்பதற்கு லூபோக் சீனாவுக்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஆற்றுக்கு அப்பால் உள்ள ரெம்பாவிலும், அலோர் காஜாவைச் சுற்றிய பழைய நானிங்கிலும் மினாங்கபாவ் மக்கள் வந்து குடியேறியபோது, பூர்வகுடிப் பெண்களை மணந்து அந்தத் தாய்வழியாகவே நிலத்துக்கு உரிமை பெற்றார்கள் என்பது அவர்களது வழக்கு மரபு. பிடுவாண்டா என்ற குலம் அந்தத் தாய்வழியிலிருந்து வந்ததாகவே கருதப்படுகிறது. ரெம்பாவின் ஆட்சித் தலைவரான உண்டாங் பதவிக்கு உரியவர்கள் அந்தக் குலத்திலிருந்து வருவதும் இந்த மரபையொட்டித்தான். அதாவது, நிலத்தின் முதல் உரிமை காட்டில் முதலில் வாழ்ந்தவர்களுடையது என்பதை இந்த மண்ணின் வழக்குச் சட்டமே தன் அடித்தளத்தில் வைத்திருந்தது.

அந்த ஒழுங்கு உடைந்தால் என்ன ஆகும் என்பதைக் காட்டியது கட்டா பெர்ச்சா. இதுவும் காட்டு மரத்தின் பால்தான். தாபான் மரத்திலிருந்து எடுத்து, சூடான நீரில் இளக்கிக் கத்திப் பிடிகளுக்கும் சவுக்குகளுக்கும் பயன்படுத்தி வந்தார்கள். 1840களில் சிங்கப்பூரிலிருந்த மருத்துவர் மாண்ட்கோமரியும் வணிகர் டி அல்மெய்டாவும் இதை லண்டனுக்கு அனுப்பிவைத்தார்கள். கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட இதைவிடப் பொருத்தமானது வேறில்லை என்று தெரிந்ததும் விலை ஏறியது. 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி போட்டார்கள், 1866இல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி நிலையாகப் போட்டார்கள். இங்கே காட்டில் நடந்தது வேறு. ஒரு மரத்தைச் சாய்த்து, பட்டையில் வளையம் வளையமாக வெட்டிப் பாலை வடித்தால் கிடைப்பது மிகக் கொஞ்சம். 1845 தொடக்கத்திலிருந்து 1847 நடுப்பகுதிக்குள் சிங்கப்பூர் ஏற்றுமதிக்காக ஏறக்குறைய 69,000 மரங்கள் சாய்ந்திருக்கும் என்று மருத்துவர் ஆக்ஸ்லி அன்றே கணக்கிட்டு எழுதினார். அந்த வேட்டையில் ஜாகுன் மக்களும் இறங்கினார்கள். மறைக்க வேண்டிய செய்தி அல்ல இது, சரியாகப் படிக்க வேண்டிய செய்தி. அதே மக்கள், அதே காடு, அதே அறிவு. மாறியது இரண்டு: எவ்வளவு வேண்டும் என்பதை இப்போது வாங்குபவன் முடிவு செய்தான். காட்டுக்குள் யாரும் வரலாம், போகலாம் என்றானது. நான் வெட்டாவிட்டால் நாளை இன்னொருவன் வெட்டிவிடுவான் என்ற நிலை வந்தபின் எந்தப் பாத்தினின் சொல்லும் மரத்தைக் காப்பாற்றாது.

ரப்பர் மரத்தை இதோடு ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். மரத்தைச் சாய்க்காமல், பட்டையை மட்டும் சீவிப் பால் எடுக்கும் முறையை 1890களில் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் ரிட்லி செம்மைப்படுத்தினார். பால்வெட்டுத் தொழில் செய்த தமிழருக்கு அந்த நுட்பம் கைவந்தது: கத்தி கட்டையில் பட்டுவிடக் கூடாது, பட்டை மறுபடி வளர இடம் விட வேண்டும், காயம் பட்டால் கங்காணியின் ஏச்சு. மரம் ஏன் பிழைத்தது? நாளையும் இதே மரத்துக்கு இதே ஆள் வருவார் என்ற உறுதி இருந்தது, அதை யார் வெட்டலாம் என்ற கேள்விக்கு இடமே இல்லை. தாபான் மரத்துக்கு அந்த நாளை என்பது பறிபோயிருந்தது. வேறுபாடு வெட்டியவரின் குணத்தில் இல்லை, அவருக்கும் மரத்துக்கும் இடையே இருந்த உரிமை உறவில் இருந்தது.

மலாக்காவில் காடே போனது இதற்கு அடுத்த கட்டம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து சீன முதலாளிகள் மரவள்ளி பயிரிட்டார்கள். காட்டை எரித்து, சில விளைச்சல் எடுத்து, மண் சோர்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள். பின்னால் எஞ்சியது லாலாங் புல்வெளி. நிலைமை எவ்வளவு மோசம் என்பதை 1883இல் நெதானியேல் காண்ட்லி நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் பற்றித் தந்த அறிக்கை சொல்லியது, அதன்பின் வனக் காப்பகங்கள் ஒதுக்கப்பட்டன. 1886இல் வந்த மலாக்கா நிலச் சட்டம் மலாய்க் குடியானவர்களின் வழக்குரிமை நிலங்களை ஏற்றது. ஆனால் காடு அரசின் உடைமை என்றே நின்றது. 1896இல் டான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கில் நாட்டின் முதல் வணிக ரப்பர்த் தோட்டத்தைப் போட்டார். தொடர்ந்து புக்கிட் அசஹானில் பெரிய பரப்பில் நட்டார். அவர் பங்குகொண்ட நிறுவனத்தின் பெயரே மலாக்கா ரப்பர், மரவள்ளி நிறுவனம். மரவள்ளி தின்ற காட்டின் மேல்தான் ரப்பர் வந்தது. காடு வெட்டவும், கன்று நடவும், பால் வெட்டவும் தமிழகத்திலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். நம் முன்னோர் யார் நிலத்தையும் பறிக்க வந்தவர்கள் அல்லர், பசிக்கு வந்தவர்கள். ஆனால் அவர்கள் கையில் கொடுத்த கோடாரி யாருடைய மருந்துக் காட்டில் விழுந்தது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. லயத்து வீட்டுப் பின்புறத்தில் முருங்கையும் துளசியும் கற்பூரவல்லியும் வேம்பும் நட்டு அவர்கள் தங்கள் மருத்துவத்தைக் காத்துக்கொண்டார்கள். கொண்டுவந்து நடக்கூடிய மருந்து அது. தெமுவான் மக்களின் மருந்து காட்டின் நிழலோடு பிணைந்தது. காடு போனால் அதைப் பெயர்த்து வேறெங்கும் வைக்க முடியாது.

விடுதலைக்குச் சற்று முன் வந்து, அதன் பின்னும் தொடர்ந்த சட்டமும் இந்த இழப்பைச் சரிசெய்யவில்லை. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடியினர் சட்டம் அவர்களுக்கென நிலம் ஒதுக்க மாநில அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் அந்த நிலத்தில் அவர்கள் அரசு விரும்பும்வரை இருக்கும் குடியிருப்பாளர்கள் மட்டுமே. நிலம் போனால் பழமரத்துக்கும் ரப்பர் மரத்துக்கும் இழப்பீடு உண்டு. காட்டில் தானே வளர்ந்த மூலிகைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. நீதிமன்றங்கள் இதைவிட ஓரடி முன்னால் போயின. ஜொகூரில் லிங்கியூ நீர்ப்பிடிப்புக் காட்டை இழந்த ஜாகுன் மக்கள் தொடுத்த ஆடோங் வழக்கில், 1997இல் உயர்நீதிமன்றம் காட்டின் விளைபொருளை இழந்ததையும் கணக்கில் சேர்த்து 2 கோடியே 65 லட்சம் ரிங்கிட் இழப்பீடு வழங்கியது. சிலாங்கூர் டெங்கிலில், விமான நிலைய நெடுஞ்சாலைக்காக 1995இல் நிலம் இழந்த தெமுவான் மக்களின் சாகோங் தாசி வழக்கில், 2002இல் தீர்ப்பு வந்தது. அது அவர்களுக்குத் தங்கள் நிலத்தில் சொத்துரிமை உண்டு என்று ஏற்றது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆனால் உயர்நீதிமன்றம் ஒரு கோடு கிழித்தது: குடியிருப்புப் பகுதிக்குத்தான் உரிமை, உணவும் பொருளும் தேடித் திரிந்த பரந்த காட்டுக்கு இல்லை. மூலிகை வளர்வது வீட்டு முற்றத்தில் அல்ல. மக்களின் வெற்றியாகக் கொண்டாடப்படும் தீர்ப்பிலேயே மருந்துக் காடு கோட்டுக்கு வெளியே நின்றுவிட்டது.

கோட்டுக்கு வெளியே நின்ற செடிக்கு என்ன ஆகும் என்பதைத் தொங்காட் அலியில் பார்க்கலாம். காட்டின் அடிநிழலில் பெரும்பாலும் கிளை விடாமல் மெலிந்து உயர்ந்து, உச்சியில் குடை விரித்தாற்போல் இலைக்கொத்தை வைத்திருக்கும் சிறுமரம் அது. மருந்து வேரில் இருக்கிறது. வேர் ஒரே தண்டாக நேரே கீழே இறங்கும், அதை எடுக்க மரத்தையே பிடுங்க வேண்டும். வேரைச் சீவி வேகவைத்தால் நாக்கைத் துளைக்கும் கசப்பு. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்குப் பின் உடல் தேறவும் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு குடும்பத்தின் காய்ச்சலுக்கு ஆண்டுக்கு ஓரிரு மரம் போதும். சந்தைக்கு அது போதாது. ஆண்மை மருந்து என்று விளம்பரப்படுத்தி 1990களிலிருந்து காப்பி, மாத்திரை, பானம் எனப் பெருகியபோது காட்டு வேருக்குப் பெருந்தேவை எழுந்தது. 2006இல் இதன் சாறு ஒன்றுக்கு மலேசிய அரசும் அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனமும் சேர்ந்து அமெரிக்கக் காப்புரிமை பெற்றன. 2010இல் அரசின் பொருளாதார மாற்றத் திட்டம் முதன்மை மூலிகைகளாக ஐந்தைத் தேர்ந்தது: தொங்காட் அலி, காசிப் பாத்திமா, மிசாய் கூச்சிங், ஹெம்பெடு பூமி, டுக்கோங் அனாக். கடைசி மூன்றும் தமிழருக்கு அந்நியமல்ல. அவை பூனைமீசை, நிலவேம்பு, கீழாநெல்லி. இவை வேலியோரத்திலும் தொட்டியிலும் வளரும். முதல் இரண்டும் காட்டு நிழலின் பிள்ளைகள். ஐந்தையும் ஒரே பட்டியலில் வைத்தவர்களுக்கு இந்த வேறுபாடு சிறிது. காட்டில் வாழ்பவர்களுக்கு அதுதான் எல்லாம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். காட்டில் பிடுங்குவதை விட்டுவிட்டு வயலில் பயிரிட்டால் காடும் பிழைக்கும், மருந்தும் கிடைக்குமே, உரிமைப் பேச்சு எதற்கு என்று கேட்பார்கள். பயிரிடுவது நல்லதுதான், அதை எதிர்க்க ஒன்றுமில்லை. ஆனால் தொங்காட் அலி வேர் பருக்க ஆண்டுகள் ஆகும். அத்தனை நாள் நிலத்தைப் போட்டுவைத்துக் காத்திருக்க வசதி வேண்டும். சொந்த நிலம் உள்ளவன் பயிரிடுவான், நிலப்பட்டா இல்லாத பூர்வகுடி அவனிடம் கூலிக்குப் போவான். காட்டுத் தாய்ச் செடி அழிந்தால் நல்ல விதைக்கும் வழியில்லாமல் போகும். அதோடு ஒரு மூலிகையைப் பயிரிட்டுவிட்டால் கதை முடிந்துவிடாது. தெமுவான் வைத்தியத்தில் பயன்படுவது ஐந்து செடி அல்ல. சிலாங்கூரின் ஆயர் ஹீத்தாம் காட்டில் தெமுவான் மக்கள் பயன்படுத்திய மருந்துச் செடிகளைப் பற்றி 1999இல் வெளிவந்த ஆய்வு, ஒரு சிறு காட்டிலேயே எவ்வளவு பெரிய மருந்தகம் இருந்தது என்பதைக் காட்டுகிறது. சந்தை கேட்கும் செடி மட்டுமே வயலுக்கு வரும். சந்தை கேட்காதவற்றைக் காக்கக் காடு மட்டுமே உண்டு.

இன்னொரு மறுப்பு: நிலத்தைக் கேட்பதைவிட, வரும் லாபத்தில் பங்கு கொடுத்தால் போதாதா? இதற்கு விடை பொதிகை மலையில் இருக்கிறது. 1987இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வுக்குப் போன தாவரவியலாளர்களுக்கு வழிகாட்டிய, அம்மலையின் பழங்குடியினரான காணிக்காரர்கள், ஒரு சிறு செடியின் காயைத் தின்று களைப்பின்றி நடந்தார்கள். ஆரோக்கியப்பச்சை என்ற அந்தச் செடியைக் கொண்டு திருவனந்தபுரம் வெப்பமண்டலத் தாவரத் தோட்டம், புஷ்பாங்கதன் தலைமையில், ஜீவனி என்ற மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்தியப் பார்மசிக்கு உற்பத்தி உரிமம் தந்தார்கள்: 10 லட்சம் ரூபாய் உரிமத் தொகை, விற்பனையில் 2 விழுக்காடு. இரண்டிலும் பாதி காணிக்காரருக்கு. 1997இல் அவர்களுக்கென அறக்கட்டளை அமைந்தது, உலகமே மெச்சியது. ஆனால் செடி காட்டுக்குரியது என்று வனத்துறை தடை எழுப்பியது. காணிக்காரர் இலையைப் பறித்து விற்பதே குற்றமாயிற்று. காட்டுக்கு வெளியே நட்டால் செடியில் அதே வீரியம் இல்லை. பணத்தில் பங்கு கிடைத்தது, செடியின் மேல் சொல் கிடைக்கவில்லை. ஆகவே பங்கும் நிலைக்கவில்லை. மலேசியாவில் 2020 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த உயிர்வள அணுகல், பயன்பகிர்வுச் சட்டம், பூர்வகுடிகளின் மரபறிவைப் பயன்படுத்துமுன் அவர்கள் இசைவைப் பெற வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் காட்டையே மறுத்துவிட்டு அறிவுக்கு இசைவு கேட்டால், அது காணிக்காரர் கதையை மலாய் மொழியில் திரும்ப எழுதுவதாகவே முடியும்.

உரிமை கொடுத்தால் அவர்களே காட்டை மரவியாபாரிக்கு விற்றுவிட்டால் என்ன செய்வது என்ற அச்சமும் உண்டு. அப்படி நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. கட்டா பெர்ச்சா காலத்துப் பாடம் நம் முன்னால் இருக்கிறது. ஆனால் அந்தப் பாடம் சொல்வது, எல்லை காக்கப்படாத காட்டில், கடன் கொடுத்தவன் பிடியில், தனித்தனி ஆளாய் நின்றவர்களின் கதையை. கூட்டுரிமையின் கதை வேறு. கர்நாடகத்தின் பிளிகிரிரங்கன மலையில், சத்தியமங்கலத்தை ஒட்டி வாழும் சோளகர்கள் நெல்லியும் தேனும் எடுத்து வாழ்ந்தவர்கள். 1974இல் சரணாலயம் அறிவித்தபின் கோடைத் தொடக்கத்தில் அவர்கள் மூட்டிய தரைத்தீயைத் தடுத்தார்கள். தீ நின்றபின் உண்ணிச்செடி புதராய் மண்டியது, நெல்லி மரங்களில் ஒட்டுண்ணிப் புல்லுருவி பெருகி மரத்தைக் கொன்றது என்று சோளகர்கள் சொன்னார்கள். முதலில் யாரும் கேட்கவில்லை, பிறகு ஆய்வாளர்களே அதை எடுத்து ஆராய்ந்து எழுதினார்கள். 2006இன் வன உரிமைச் சட்டத்தின்கீழ், 2011இல் சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை கிடைத்தது. புலிகள் காப்பகம் ஒன்றுக்குள் அப்படி உரிமை தந்ததில் அது முதலாவது. தனி ஆள் விற்க முடியாத, சபைக்கு மட்டுமே உரிய உரிமை அது. மக்கள்தொகை குறைவாக இருந்ததால்தான் பழங்காலத்தில் காடு பிழைத்தது, வழக்கத்தால் அல்ல என்பவர்களுக்கும் விடை இதிலிருக்கிறது. ஆள் குறைவாக இருந்தும் தாபான் மரம் அழிந்தது. ஆள் கூடியும் முறை இருந்த இடத்தில் நெல்லி நின்றது. எண்ணிக்கைக்கு முன்னால் வருவது ஒழுங்கு, ஒழுங்குக்கு முன்னால் வருவது உரிமை.

இந்த வாதத்தை மலேசியத் தமிழர்களைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்கள் யார்? 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டு போடப்பட்டு விற்கப்பட்டபோது, பிறந்து வளர்ந்த லயத்திலிருந்து ஒரே நோட்டீசில் வெளியேற நேர்ந்தவர்கள் நம் மக்கள். அப்போது துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் அடுத்த ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். உழைப்பவன் கையில் நிலத்தின் மேல் ஒரு சொல் இருந்தால்தான் நாளை என்பது உண்டு என்று நம் சமூகம் கண்டுகொண்ட பாடம் அது. தெமுவான் மக்கள் கேட்பதும் அதே சொல்லைத்தான். நமக்குக் கிடைத்த அந்தக் கூட்டுறவு வழிகூட அவர்களுக்கு இல்லை, ஏனெனில் அவர்கள் நிலத்தை விலைக்குக் கேட்கவில்லை. தங்களுடையதைத் தங்களுடையது என்று பதிவு செய்யத்தான் கேட்கிறார்கள்.

ஆகவே செய்ய வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பூர்வகுடிகளின் வழக்குரிமை நிலங்களை, குடியிருப்பை மட்டுமல்லாமல் அவர்கள் மருந்தும் உணவும் எடுக்கும் காட்டையும் சேர்த்து, எல்லை குறித்து மாநில அரசுகள் அரசிதழில் வெளியிட வேண்டும். காட்டு மூலிகை எடுக்கும் அனுமதி அந்தந்தச் சமூகத்தின் இசைவோடு மட்டும் தரப்பட வேண்டும். கடையில் தொங்காட் அலி வாங்கும் நாம், அந்த வேர் பயிரிட்டதா காட்டிலிருந்து பிடுங்கியதா என்று கேட்கப் பழக வேண்டும். நம் சங்கங்களும் கோயில் குழுக்களும் தமிழ்ப்பள்ளிகளும் பூர்வகுடி மக்களின் நிலக் கோரிக்கைக்குத் துணை நிற்க வேண்டும். அவர்கள் காட்டை வெட்டிய தோட்டங்களில் பிழைத்து எழுந்த சமூகம் நாம், அந்தக் கடமை நமக்கு மற்ற யாரையும்விடக் கூடுதலாகவே இருக்கிறது.